ஒரு பக்கம் 28, மறுபக்கம் 1

மெஸ்ஸியே பட்டியல் கைவசம் இருந்தால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வால்மீன் தேடிக்கொண்டிருந்தவர் சார்ல் மெஸ்ஸியே. வால்மீன் மாதிரியே தோன்றி ஆளை ஏமாற்றும் மங்கலான பொருள்களை இனிமேல் தொல்லை வேண்டாம் என்று தனியே குறித்து வைத்தார். பின்னால் வந்தவர்கள் சேர்த்தவற்றையும் சேர்த்தால் இன்று அந்தப் பட்டியலில் 110 பொருள்கள். M1, M2 என்று எண்ணிட்டுச் சொல்கிறோம். அவற்றில் கோளக் கொத்துகள் மட்டும் 29.

இப்போது வானத்தை வடமுனையிலிருந்து தென்முனை வரை கோடு கிழித்து இரண்டு பாதியாக்கிக்கொள்ளுங்கள். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, மகம் எல்லாம் ஒரு பாதியில். மார்கழி, தை மாதங்களில் ராச்சாப்பாடு முடித்து மொட்டை மாடிக்கு வந்தால் தெரிகிற வானம் அது. சித்திரை, சுவாதி, கேட்டை, மூலம், திருவோணம் எல்லாம் மறுபாதியில். 29 கொத்துகளில் 28 இந்த மறுபாதியில்தான் இருக்கின்றன. முதல் பாதிக்கு வாய்த்தது M79 ஒன்றே ஒன்று.

இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தனுசு மண்டலத்தில் 7. அதற்கு மேலே பாம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒபியூக்கஸில் 7. பக்கத்து விருச்சிகத்தில் 2. ஆக, அடுத்தடுத்து இருக்கும் மூன்று மண்டலங்களுக்குள் 16. பாதிக்கும் மேல் அங்கேயே குவிந்துவிட்டது.

கோளக் கொத்துகளைப் பற்றிய பதிவுகளில் ஒவ்வொன்றாக எடுத்து, இது இப்படி மின்னியது, அது அப்படி ஜொலித்தது என்று வர்ணிப்பது வழக்கம். தப்பில்லை, அழகு அழகுதான். ஆனால் என் கட்சி வேறு. கோளக் கொத்துகளை ஒரே இரவில், அவை உதிக்கிற வரிசையில், விடியும்வரை பார்க்க வேண்டும். பார்த்தால், பால்வீதியின் நடு எந்தப் பக்கம், நாம் எந்த ஓரத்தில் குடியிருக்கிறோம் என்பது தானாகப் புரிந்துவிடும். 100 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இதே கொத்துகளை வைத்துத்தான் அதைக் கண்டுபிடித்தார். அதற்குத் தோதான இரவு நமக்குப் பங்குனி அமாவாசையை ஒட்டி வருகிறது.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்

பல பத்தாயிரம் முதல் பல லட்சம் வரையிலான விண்மீன்கள் தங்கள் ஈர்ப்பாலேயே கட்டுண்டு உருண்டையாகத் திரண்டிருப்பதுதான் கோளக் கொத்து. 1789-இல் வில்லியம் ஹெர்ஷல் தன் இரண்டாவது பட்டியலில் அந்தப் பெயரைக் கொடுத்தார். பால்வீதியைச் சுற்றி 150-க்கும் மேற்பட்டவை தெரிந்திருக்கின்றன.

கார்த்திகையும் கொத்துதானே என்று கேட்கலாம். அது வேறு இனம். கார்த்திகை மீன்களுக்கு வயது 10 கோடி ஆண்டு சுமார். இன்னும் இளசு, தளர்வான கூட்டம், பால்வீதியின் தட்டுக்குள்ளேயே பிறந்து அங்கேயே கலைந்துபோகும். கோளக் கொத்துகளுக்கோ 1,100 கோடி முதல் 1,300 கோடி ஆண்டு. சூரியனுக்கு 460 கோடி, பிரபஞ்சத்துக்கே 1,380 கோடிதான் என்று சொன்னால் அந்த வயதின் கனம் புரியும். அவை பால்வீதித் தட்டுக்குள் அடங்குவதும் இல்லை. மேலும் கீழுமாக எல்லாத் திசையிலும் பரந்து, மையத்தைச் சுற்றி நீள்வட்டத்தில் போய்வருகின்றன.

நெரிசலும் தனி ரகம். சூரியனுக்கு அடுத்த விண்மீன் 4.2 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அடர்ந்த ஒரு கோளக் கொத்தின் நடுவில், அதே தூரத்துக்குள் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் அடைந்து கிடக்கும். அங்கே ஒரு கோள் இருந்தால் அதன் இரவு நம் இரவைப் போல் இருட்டாக இருக்காது.

எட்டு மணி: தனித்து நிற்கும் M79

நான் பார்ப்பது ஜவ்வாது மலையில், ஒரு நண்பரின் கொல்லையில். காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் அதே மலைத்தொடர். கருவி 8 அங்குல டாப்சோனியன். மரப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும் குழாய், கையால் தள்ளித் திருப்புவது, மோட்டார் கிடையாது. உடன் ஒரு 10x50 பைனாகுலர்.

இருட்டு இறங்கியதும் ஓரையன் மேற்கே சாய்ந்திருக்கும். அதன் காலடியில் முயல் மண்டலம். அதில் ஆர்னெப், நிஹல் என்று இரண்டு மீன்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு கோடு இழுத்து, ஏறக்குறைய அதே நீளம் இன்னும் கீழே நீட்டினால் M79. 1780-இல் பியர் மெஷேன் கண்டது. 40,000 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. 8 அங்குலத்தில் ஒரு சின்ன வெண்பஞ்சுப் பொட்டு. பெருக்கத்தைக் கூட்டினால் ஓரங்களில் மட்டும் மணல் மணலாகப் பிரிவது போல் ஒரு பிரமை.

பெரிய காட்சி இல்லைதான். ஆனால் இரவை இதில்தான் தொடங்க வேண்டும். ஏனென்றால் M79-ஐப் பார்க்கும்போது நாம் பால்வீதியின் மையத்துக்கு முதுகு காட்டி நிற்கிறோம். அது மையத்திலிருந்து நம்மைவிடத் தள்ளி, வெளிப்பக்கம் இருக்கிறது. அந்தத் திசையில் மெஸ்ஸியே பட்டியலில் இருப்பது அவ்வளவுதான். அடுத்த கொத்துக்குக் கிழக்கு வானம் மேலே வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஒன்றரை மணி: ஒமேகா சென்டாரி

நள்ளிரவுக்குப் பிறகு சித்திரை உச்சிக்கு வரும். நாள்காட்டியில் சித்ரா பௌர்ணமி என்று போடுகிறார்களே, அந்தச் சித்திரைதான், கன்னி மண்டலத்தின் ஒற்றைப் பளிச் மீன். அது தெற்கு வடக்குக் கோட்டில் வந்து நிற்கும் நேரத்தில், நேர் கீழே தெற்கே 36 பாகை இறங்குங்கள். கையை நீட்டி முட்டி பிடித்தால் முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. அப்படி மூன்றரை முட்டி. அங்கே ஒமேகா சென்டாரி இருக்கும். இரண்டுக்கும் கிழக்கு மேற்குக் கணக்கு ஏறக்குறைய ஒன்றே என்பதால் இந்த வழி தப்பவே தப்பாது.

நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே கொஞ்சம் கலங்கிய மீனாகத் தெரியும். இரண்டாம் நூற்றாண்டில் தாலமி இதை விண்மீன் என்றே பட்டியலில் சேர்த்தார். 1603-இல் யோஹான் பேயரும் விண்மீன் என்று எண்ணித்தான் ஒமேகா என்ற கிரேக்க எழுத்தைக் கொடுத்தார். 1677-இல் செயின்ட் ஹெலினா தீவுக்குத் தென்வானத்தை அளக்கப் போயிருந்த எட்மண்ட் ஹாலி, அப்போது இருபது வயதுப் பையன், இது விண்மீன் இல்லை என்று கவனித்தார். லண்டனில் இருந்திருந்தால் அவருக்கு அந்த வாய்ப்பே கிடையாது. அங்கே இது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. மெஸ்ஸியேவின் பாரிஸிலும் அப்படியே. வானத்தின் மிகப் பெரிய கோளக் கொத்து அவர் பட்டியலில் இல்லாமல் போனது இதனால்தான்.

நமக்கு அந்தக் குறை இல்லை. சென்னையில் 29 பாகை, கன்னியாகுமரியில் 34 பாகை, யாழ்ப்பாணத்தில் 33 பாகை உயரத்துக்கு ஏறிவரும். அதே இரவில் வடக்கே 60 பாகைக்கு மேல் ஏறும் M13 என்ற கோளக் கொத்தும் நமக்குக் கிடைக்கும். வடக்கத்திக்காரர்கள் கொண்டாடுவதும் தெற்கத்திக்காரர்கள் கொண்டாடுவதும் ஒரே ராத்திரியில் நமக்கு இலவசம்.

ஒமேகாவில் சுமார் ஒரு கோடி விண்மீன்கள். தூரம் 17,000 ஒளியாண்டு. ஐபீஸில் முழுநிலவின் அகலத்துக்கு விரிந்து கிடக்கும். போன பங்குனியில் பக்கத்துக் கொல்லைப் பெரியவர் காவலுக்குப் படுத்திருந்தவர் எழுந்து வந்தார்.

“இன்னா தம்பி, தெக்கால அடியில குழாய வச்சிக்கினு குனிஞ்சிக்கினு இருக்கிற?”

“வந்து ஒரு கண்ணு பாருங்கய்யா.”

பார்த்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்: “மொறத்துல சாமையப் பொடைக்கச் சொல்லோ நடுவுல குமிஞ்சி நிக்கும், ஓரத்துல ஒண்ணு ஒண்ணா செதறிக் கெடக்கும். அத்தாட்டம் கீது.”

இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நடுவில் எவ்வளவு குவிந்திருக்கிறது, ஓரத்தில் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதை வைத்துத்தான் 1920-களின் கடைசியில் ஹார்லோ ஷேப்லியும் ஹெலன் சாயரும் கோளக் கொத்துகளைப் பன்னிரண்டு வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பு என்றால் நடுவில் இறுகிப்போனது. பன்னிரண்டு என்றால் குவியலே இல்லாத தளர்வு. ஒமேகா எட்டாம் வகுப்பு. விருச்சிகத்தின் M80 இரண்டாம் வகுப்பு. தனுசின் M55 பதினொன்று. ஐபீஸில் கண் பழகிவிட்டால் எண்ணைப் பார்க்காமலே வகுப்பைச் சொல்லிவிடலாம்.

ஒமேகாவுக்குள் இன்னொரு விவகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. வழக்கமாக ஒரு கொத்தின் விண்மீன்கள் ஒரே காலத்தில், ஒரே சரக்கிலிருந்து பிறந்தவை. ஒமேகாவில் அப்படி இல்லை. இரும்பு முதலான கன தனிமங்களின் அளவு விண்மீனுக்கு விண்மீன் மாறுகிறது, வயதும் மாறுகிறது. அதனால் இது பிறவியிலேயே கொத்து அல்ல, பால்வீதி விழுங்கிய ஒரு குட்டி விண்மீன் மண்டலத்தின் மிச்ச நடு என்று பலர் கருதுகிறார்கள். 2024-இல் ஹபிள் தொலைநோக்கியின் 20 ஆண்டுப் படங்களை அலசிய குழு ஒன்று, கொத்தின் நடுவில் ஏழு விண்மீன்கள் தப்பி ஓடியிருக்க வேண்டிய வேகத்தில் சுற்றுவதைக் கண்டது. ஓடாமல் பிடித்து வைத்திருப்பது எது? குறைந்தது 8,200 சூரிய நிறையுள்ள கருந்துளை அங்கே இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

மூன்று மணி: வரிசை தொடங்குகிறது

சித்திரை சாயும்போது கிழக்கே சரக்கு இறங்கத் தொடங்கும். சுவாதிக்கு வடமேற்கே M3. மெஸ்ஸியே தானாகவே கண்டுபிடித்த முதல் பொருள், 1764 மே மாதம். இந்தக் கொத்தில்தான் 1953-இல் அலன் சாண்டேஜ் ஒரு புதிரைக் கண்டார். கிழடுகள் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் நீல நிறத்தில் சில வாலிப விண்மீன்கள். இரண்டு விண்மீன்கள் மோதி ஒன்றானாலோ, ஒன்று மற்றதன் வாயுவை உறிஞ்சிக்கொண்டாலோ இப்படிப் புத்திளமை வரும் என்பது இன்றைய விளக்கம்.

சர்ப்ப மண்டலத்தில் M5. 1702-இல் பெர்லினில் கோட்ஃப்ரீட் கிர்ஹும் அவர் மனைவி மரியாவும் வால்மீன் பார்க்கும்போது அகப்பட்டது. எனக்கு M13-ஐவிட இதுதான் பிடிக்கும். நடு இறுக்கம், ஓரங்களில் வளைந்து ஓடும் மீன் வரிசைகள், ஒரு பக்கமாகச் சற்று நசுங்கிய உருவம்.

கேட்டை சிவப்பாக மேலேறியதும் அதற்கு மேற்கே ஒன்றேகால் பாகையில் M4. பைனாகுலரிலேயே கேட்டையும் இதுவும் ஒரே வட்டத்தில் தெரியும். சுமார் 6,000 ஒளியாண்டு, நமக்கு மிக அருகில் உள்ள கோளக் கொத்துகளில் ஒன்று. மெஸ்ஸியேவின் சின்னக் கருவியில் தனித்தனி மீன்களாகப் பிரிந்து தெரிந்த கோளக் கொத்து இது ஒன்றுதான். ஐபீஸில் நடுவே வடக்குத் தெற்காக ஒரு மீன் கோடு ஓடுவதைக் கவனியுங்கள். இதற்குள் ஒரு துடிமீனும் ஒரு வெண்குள்ளனும் ஒன்றையொன்று சுற்ற, அந்த இரண்டையும் சேர்த்துச் சுற்றிவருகிறது வியாழனைப் போல் இரண்டரை மடங்கு நிறையுள்ள ஒரு கோள். 2003-இல் ஹபிள் உதவியோடு உறுதிப்பட்டது.

பக்கத்தில் M80. சின்னது, இறுகியது. 1860 மே மாதம் இதற்குள் ஒரு நோவா வெடித்து, முழுக் கொத்தையும் மிஞ்சிய ஒளியில் சில நாள் நின்றது. முதலில் பார்த்தவர் ஜெர்மனியின் ஆர்தர் ஔவர்ஸ். ஒரு வாரம் கழித்து, அவர் பார்த்தது தெரியாமல், இங்கிலாந்தில் தானே கண்டவர் நார்மன் போக்சன். மறு ஆண்டே மதராஸ் வானாய்வகத்தின் தலைவராக நுங்கம்பாக்கத்துக்கு வந்து, 1891-இல் சாகும்வரை சென்னையிலேயே இருந்தவர் அவர். விண்மீன்களின் ஒளியளவில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 2.512 மடங்கு என்று இன்றும் உலகம் முழுக்கப் புழங்கும் கணக்கு அவருடையது.

நான்கு மணி: ஷேப்லியின் கண்

இப்போது தனுசு மேலே வந்துவிட்டது. பைனாகுலரை எடுத்துக்கொண்டு விருச்சிகத்தின் வாலில் இருக்கும் மூலத்திலிருந்து பூராடம் வரையும் அதன் சுற்றுப்புறத்தையும் மெல்ல வருடுங்கள். M22, M28, M54, M69, M70, M62, M19, M9. ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது. இரவு எட்டு மணிக்கு ஒரே ஒரு பொட்டுக்காகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்த நமக்கு, இப்போது எதை விடுவது என்று தெரியவில்லை.

இந்த ஒருபக்கச் சாய்வைப் பலர் முன்பே கவனித்திருந்தார்கள். 1909-இல் ஸ்வீடனின் கார்ல் போலின், கொத்துகள் குவிந்திருக்கும் இடம்தான் பால்வீதியின் மையமாக இருக்க வேண்டும் என்றுகூட எழுதினார். ஆனால் சூரியன்தான் நடுவில் அல்லது நடுவுக்கு மிக அருகில் என்பதே அன்றைய பொது நம்பிக்கை. தூரத்தை அளக்காமல் யார் சொல்வதும் எடுபடாது.

அளந்தவர் ஹார்லோ ஷேப்லி. மிசூரி மாநிலத்துக் கிராமத்துப் பையன், பத்திரிகை நிருபராக இருந்துவிட்டு வானியலுக்கு வந்தவர். 1914-இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில் 60 அங்குலத் தொலைநோக்கியில் சேர்ந்தார். பகலில் சும்மா இருக்கப் பிடிக்காமல், வானாய்வகச் சுவரில் ஊரும் எறும்புகள் வெயில் ஏற ஏற எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்று அளந்து அதையும் கட்டுரையாக்கிய மனிதர்.

அவருக்குக் கிடைத்த அளவுகோல், கோளக் கொத்துகளுக்குள்ளேயே இருந்த ஒரு வகை மாறொளி விண்மீன். பெருவின் அரெக்கிபாவில் ஹார்வர்டுக்கு ஒரு கிளை வானாய்வகம் இருந்தது. அங்கே 1890-களில் சோலன் பெய்லி எடுத்த படங்களில், கொத்துகளுக்குள் நூற்றுக்கணக்கான விண்மீன்கள் ஒரு நாளைக்குள்ளேயே ஏறி இறங்கும் ஒளியோடு அகப்பட்டன. இன்று ஆர்.ஆர். லைரே மீன்கள் என்கிறோம். இவற்றின் உண்மையான ஒளி எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், சூரியனைப் போல் 40, 50 மடங்கு. உண்மை ஒளி தெரிந்தால், கண்ணுக்கு எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். ஹென்ரியெட்டா லீவிட் 1912-இல் மெகல்லன் மேகத்தின் செபீட் என்னும் மாறொளி மீன்களில் கண்ட, ஒளி ஏறியிறங்கும் காலத்தையும் உண்மை ஒளியையும் இணைக்கும் விதியையும் துணைக்கு வைத்துக்கொண்டு ஷேப்லி ஒவ்வொரு கொத்தாக அளந்தார். மாறொளி மீன் அகப்படாத கொத்துகளுக்கு அவற்றின் மிகப் பளிச்சான மீன்களையும், கொத்தின் அளவையும் கொண்டு மதிப்பிட்டார்.

1918 வாக்கில் படம் தெளிவாகிவிட்டது. கொத்துகள் அனைத்தும் ஓர் உருண்டையான பரப்பில் பரவியிருக்கின்றன. அந்த உருண்டையின் நடு நம்மிடம் இல்லை, தனுசின் பக்கம் இருக்கிறது. மையம் 65,000 ஒளியாண்டுத் தொலைவில் என்றார். இன்றைய அளவு சுமார் 26,000. அவருடைய எண் இரண்டு மடங்குக்கும் மேல் ஊதிப்போனதற்குக் காரணம், வழியில் இருக்கும் தூசி விண்மீன் ஒளியைக் குடிப்பது அன்று கணக்கில் வரவில்லை. 1930-இல் ராபர்ட் டிரம்ப்ளர் அதை நிலைநாட்டினார். எண் போனாலும் திசை நின்றது. பூமியை நடுவிலிருந்து கோப்பர்நிக்கஸ் நகர்த்தினார் என்றால், சூரியனை ஓரத்துக்குத் தள்ளியது இந்தக் கொத்துகள்தான்.

நான் சொல்லவருவது இதுதான். M13-இன் ஒரு படத்தை இணையத்தில் பார்த்தால் விண்மீன் குவியல் தெரியும், ஆனால் மையம் தெரியாது. இரவு எட்டிலிருந்து நாலு வரை கழுத்து வலிக்கப் பார்த்தவருக்கு, வானத்தில் ஒரு பக்கம் ஏன் காலி, மறுபக்கம் ஏன் நெரிசல் என்பதே பாடமாகிவிடுகிறது. சின்னத் தொலைநோக்கியால் பால்வீதியின் வடிவத்தை உணர இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது.

வயதை எப்படிச் சொல்கிறார்கள்?

கனமான விண்மீன் சீக்கிரம் எரிந்து தீரும், இலேசானது நின்று எரியும். ஒரு கொத்தில் எல்லாம் ஒரே காலத்தில் பிறந்தவை என்றால், இன்று எந்த நிறை வரை செத்துப்போயிருக்கிறது என்று பார்த்தாலே வயது வந்துவிடும். கோளக் கொத்துகளில் சூரியனின் நிறையில் சுமார் 0.8 பங்குக்கு மேலானவை எல்லாம் சிவப்பு அரக்கர்களாக ஊதிவிட்டன, அல்லது அதையும் தாண்டி முடிந்துபோய்விட்டன. சூரியனைப் போன்ற ஒன்று அங்கே பிறந்திருந்தால் இந்நேரம் வெண்குள்ளன்தான். ஐபீஸில் நாம் புள்ளி புள்ளியாகப் பிரித்துப் பார்ப்பதும் பெரும்பாலும் அந்தச் சிவப்பு அரக்கர்களைத்தான். சாதாரண விண்மீன்கள் நம் கருவிக்கு எட்டாமல் பின்னால் பாலாகக் கலங்கியிருக்கும்.

நிறமாலையும் அந்த வயதுக்குச் சாட்சி. ஹெர்குலிஸ் மண்டலத்தின் M92-இல் இரும்பு, சூரியனில் இருப்பதில் 200-இல் ஒரு பங்குதான். இரும்பைச் செய்ய விண்மீன்கள் வெடித்துச் சாக வேண்டும். அப்படிச் செத்தவை அதிகம் இல்லாத காலத்தில் பிறந்தவை இவை.

1990-களில் இந்த வயது ஒரு பெரிய சங்கடத்தைக் கிளப்பியது. கொத்துகளுக்கு 1,500 கோடி ஆண்டு என்று ஒரு தரப்பு சொல்ல, பிரபஞ்ச விரிவை அளந்தவர்கள் சிலர் பிரபஞ்சத்துக்கே அதைவிடக் குறைவாகச் சொன்னார்கள். தாயைவிடப் பிள்ளை மூத்தது! 1997-இல் ஹிப்பார்கஸ் செயற்கைக்கோளின் தூர அளவுகள் வந்து கொத்துகளின் வயதைக் குறைத்தன. 1998-இல் பிரபஞ்ச விரிவு வேகம் கூடிவருகிறது என்று தெரிந்ததும் பிரபஞ்சத்தின் வயது ஏறியது. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்துச் சமாதானமானது.

இத்தனை வயதானாலும் இவை அசையாமல் நிற்பவை இல்லை. உள்ளே விண்மீன்கள் ஒன்றையொன்று கடக்கும்போது வேகத்தைக் கைமாற்றிக்கொள்கின்றன. கனமானவை நடுவுக்கு இறங்க, இலேசானவை வேகம் பெற்று வெளியே போகின்றன. இப்படி ஒரு கொத்திலிருந்து விண்மீன்கள் எந்த வேகத்தில் தப்பும் என்பதற்கு 1943-இல் கணக்குப் போட்டவர்களில் நம் சுப்பிரமணியன் சந்திரசேகரும் ஒருவர். வெண்குள்ளன் எல்லைக்காக நோபல் வாங்கியவர் என்றே நாம் அவரை நினைவில் வைத்திருக்கிறோம். 1942-இல் வந்த அவருடைய விண்மீன் இயக்கவியல் புத்தகம் கொத்துகளைப் படிப்பவர்களுக்கு இன்றும் அடிப்படை. விண்மீன்கள் இப்படித் தப்பிப்போவதைப் பாலோமர் 5 என்ற கொத்தில் நேரடியாகவே பார்க்கலாம். இரண்டு பக்கமும் விண்மீன்கள் நீண்ட வாலாக ஒழுகிக்கொண்டிருப்பது 2001-இல் வெளிவந்தது.

பார்க்கப் போகிறவர்களுக்கு

கருவி வாங்கும் முன் இருட்டைத் தேடுங்கள். ஊர் வெளிச்சத்தில் 12 அங்குலம் காட்டாததை மலையில் 6 அங்குலம் காட்டும். பைனாகுலரில் எல்லாக் கொத்துகளும் பஞ்சாகத்தான் தெரியும், ஆனால் எங்கே குவிந்திருக்கின்றன என்ற சங்கதிக்கு அது போதும். விண்மீன்களாகப் பிரியத் தொடங்குவது 4 அங்குலத்தில் M4, M22. 6 அங்குலத்தில் M5, M13. 8 அங்குலத்தில் இவை நடு வரைக்கும் உதிர்ந்துவிடும்.

மங்கலான பொருளுக்குப் பெருக்கத்தைக் குறை என்பார்கள். கோளக் கொத்துக்கு அதற்கு நேர்மாறு. 150 மடங்கு, காற்று அமைதியாக இருந்தால் 200 மடங்கும் போகலாம். பின்னணி கறுத்து, விண்மீன்கள் ஊசிமுனையாக நிற்கும். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது கொடுங்கள். செல்பேசியை ஒருமுறை எடுத்துப் பார்த்தால் அந்த அரை மணியும் வீண். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டுங்கள். கொத்தை நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள். மங்கல் ஒளியை வாங்கும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன.

ஆனி, ஆடியில்தான் தனுசு முன்னிரவிலேயே வரும், ஆனால் மேகமும் காற்றும் விடாது. பங்குனியில் விடியலுக்கு முன் பார்ப்பது நம் ஊர் வானிலைக்கு உகந்தது.

கடைசியாக, என் வாதத்துக்கே எதிர்க்கட்சியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 28-க்கு 1 என்பது பாரிஸ்காரரின் கணக்கு. தெற்கே போகப் போக முதல் பாதியிலும் சில கொத்துகள் சேரும். 47 டுகானே, NGC 1851, NGC 2808. அவற்றைச் சேர்த்தாலும் தராசு தனுசுப் பக்கம்தான் சாயும், ஆனால் 47 டுகானே சாதாரண ஆள் இல்லை. ஒளியில் ஒமேகாவுக்கு அடுத்த இடம், நடுவில் இறுகிய மூன்றாம் வகுப்பு. சென்னையில் 5 பாகைக்கு மேல் எழாது. கன்னியாகுமரிக் கரையில் தெற்கே கடல்தான், மறைக்க ஒன்றுமில்லை. மார்கழி நடுவில் அமாவாசை வந்தால், இரவு ஏழே காலுக்கு ஆக்கர்னார் என்ற பளிச் மீனுக்குக் கீழே, சற்று வலப்புறம், அடிவானத்திலிருந்து 9 பாகையில் அது நிற்க வேண்டும். குமரி, நாகர்கோவில் பக்கத்து நண்பர்கள் பைனாகுலரோடு ஒருநாள் இறங்கிப் பாருங்கள். ஒமேகாவா, 47 டுகானேயா, எது அழகு என்று ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் அதில் ஓட்டுப் போடலாம். நான் இன்னும் ஒரு வேட்பாளரைத்தான் பார்த்திருக்கிறேன்.